குளிர் வந்தாலே ஒன்னுக்கு முட்டுதே, கிட்னி வேலையா மூளை வேலையா?

ஊட்டிக்கு_புதுசு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்லேர்ந்து மாத்தலாகி ஊட்டி வந்திருக்கேன், ஃபிங்கர்போஸ்ட் பக்கம் வீடு. கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனாலும் கேட்டுடறேன். அங்க வெயில்ல குடம் குடமா தண்ணி குடிச்சாலும் நாளைக்கு ரெண்டு மூணு தடவதான் பாத்ரூம் போவேன். இங்க தண்ணியே தொண்டைல எறங்க மாட்டேங்குது, டீயோட சரி, ஆனா மணிக்கொருக்கா ஓட வேண்டியிருக்கு. காலைல தலைகுந்தா பக்கம் உறைபனில வேலையா போனா கேக்கவே வேண்டாம். சுகர் பாத்தாச்சு, நார்மல். யூரின் டெஸ்ட்டும் சுத்தம். டாக்டர் "குளிருக்குதான்"னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டார். குளிர் தோல்லதான படுது, அதுக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்?

வர்க்கிப்பிரியன்:
வாங்க வாங்க, ஊட்டி உங்கள அன்புடன் வரவேற்கிறது. வேர்வை வர்றதில்ல, அந்த தண்ணி கீழ் வழியா வருது, அம்புட்டுதான். இதுக்கு டாக்டர்ட்ட எல்லாம் போனீங்களா :)

கூடலூர்க்காரி:
வர்க்கி அண்ணா சொன்னது பாதி கணக்கு. வேர்வை மட்டும்தான் காரணம்னா, தண்ணி கொறைச்சு குடிச்சதுமே சரியாப் போயிருக்கணுமே. இவர் உள்ள போறத விட ஜாஸ்தியா வெளிய விடற மாதிரில்ல சொல்றார். (நான் மூளைல ஹார்மோன் சுரக்கற நியூரான்கள, அதாவது நரம்பு செல்கள பத்திதான் ஆராய்ச்சி படிப்பு படிக்கறேன், அதனால கொஞ்சம் நீட்டுவேன், மன்னிச்சுக்கங்க.)

குளிர் பட்டதும் கை, கால், தோல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிக்கும், உள்சூடு வெளிய போகாம இருக்க. அங்க ஓடிட்டிருந்த ரத்தம் நெஞ்சுப் பக்கம் வந்து சேரும். இதயத்தோட மேல் அறை சுவர்ல, எவ்ளோ விரியுதுன்னு பாத்துட்டே இருக்கற நரம்பு முனைங்க இருக்கு. அதுக்கு குளிர்னு எல்லாம் தெரியாது, ரத்தம் நெறைய இருக்கு அப்டின்னு மட்டும்தான் தெரியும். அந்தத் தகவல் வேகஸ் நரம்பு வழியா மூளைத்தண்டுக்குப் போயி, அங்கேர்ந்து மூளையோட அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்ங்கற எடத்துல இருக்கற வாசோபிரஸின் நியூரான்கள அடக்கும். வாசோபிரஸின்தான் கிட்னிகிட்ட தண்ணிய புடிச்சு வையின்னு சொல்ற ஹார்மோன். அது கொறஞ்சா கிட்னி தண்ணிய திரும்ப எடுத்துக்காம விட்டுடும். இதோட இதய மேல் அறையே ஒரு ஹார்மோன விட்டு உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும், ரத்த அழுத்தம் கூடறதாலயும் கிட்னில வடியறது ஜாஸ்தி ஆகும். அதனால எல்லாப் பழியையும் வாசோபிரஸின் மேல மட்டும் போட மாட்டேன், ஆனா மூளைக்கு இதுல பங்கு உண்டு.

ஊட்டிக்கு_புதுசு:
அப்ப உடம்புல தண்ணி ஜாஸ்தின்னு மூளை ஏமாந்துடுதா?

கூடலூர்க்காரி:
ஏமாறுதுன்னும் சொல்லலாம். ஆனா ரொம்ப தூரம் ஏமாறாது, ஏன்னா அதுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கு, ரத்தத்தோட உப்புச்செறிவு. கிலோவுக்கு 280லேர்ந்து 295 மில்லி ஆஸ்மோல் வரைக்கும் நார்மல். ஒரு சதவீதம் ஏறினாலே வாசோபிரஸின் நியூரான் வேகமா துடிக்க, அதாவது மின்துடிப்பு விட ஆரம்பிச்சுடும். ரத்த அளவு கொறஞ்சது நல்லா ஒறைக்கணும்னா சுமார் பத்து சதவீதம் கொறையணும், ஆனா அப்படி கொறஞ்சா வர்ற ஹார்மோன் வெள்ளம் இருக்கே, உப்பு கூடினா வர்றதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒன்னுமில்ல. ஒரே நியூரான் இந்த ரெண்டு கணக்கையும் ஒன்னாச் சேத்துத்தான் எவ்ளோ ஹார்மோன் விடறதுன்னு முடிவு பண்ணுது.

உயரம் காரணமான்னு அடுத்து யாராச்சும் கேப்பீங்க. ஊட்டி 2,240 மீட்டர்தான், உயரத்தால மூத்திரம் கூடறதப் பத்தி பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேலதான் பேசுவாங்க. இங்க குளிர்தான் முக்கியம்.

வாத்தியார்_ரிட்டயர்டு:
தங்கச்சி நல்லா சொல்லுது. பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினவன்ங்கற முறைல நானும் கொஞ்சம் சேக்கறேன். மூளை செல்லே ஒரு சுரப்பி மாதிரி ஹார்மோன் விடும்னு 1928ல எர்ன்ஸ்ட் ஷாரர் மீன் மூளைய பாத்துட்டு சொன்னப்ப ஒருத்தரும் நம்பல, நரம்புன்னா மின்சாரம், சுரப்பின்னா வேற, ரெண்டும் எப்படி ஒன்னாகும்னுட்டாங்க. வாசோபிரஸினும், பிரசவத்துக்கும் பால் எறங்கறதுக்கும் வேலை செய்யற ஆக்ஸிடாசினும் அண்ணன் தம்பி, ரெண்டுலயும் ஒன்பது அமினோ அமிலம், அதுல ரெண்டே ரெண்டு மட்டும் மாறும். வின்சென்ட் டு விக்னோ 1953ல ஆக்ஸிடாசின ஆய்வகத்துல செஞ்சு காமிச்சார், 1955ல வேதியியல் நோபல் வாங்கினார். ரெண்டு ஹார்மோனும் ஹைப்போதலாமஸ்ல ரெண்டு எடத்துல செய்யப்படுது, ஒன்னு கண் நரம்பு ரெண்டும் குறுக்க போற எடத்துக்கு மேல, இன்னொன்னு மூணாவது மூளையறை ஓரத்துல. அங்கேர்ந்து நீள நரம்பிழை மூளைக்கு அடில தொங்கற பிட்யூட்டரி சுரப்பியோட பின்பாகம் வரைக்கும் எறங்கி, நேரா ரத்தத்துல கொட்டும்.

ஆனா தங்கச்சி, எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். உப்பு கூடிடுச்சுன்னு ஒரு செல்லுக்கு எப்படித் தெரியுது? நாக்கா இருக்கு அதுக்கு?

கூடலூர்க்காரி:
நாக்கு இல்லீங்க ஐயா, சுருங்கறதுதான். 1947ல கேம்பிரிட்ஜ்ல வெர்னி நாய்ங்களோட கழுத்து ரத்தக்குழாய்ல, அதாவது மூளைக்குப் போற ரத்தத்துல, உப்புக் கரைசல ஏத்திப் பாத்தார். மூத்திரம் கொறஞ்சுது. தலைக்குள்ள எங்கியோ ஒரு அளவுகோல் இருக்குன்னு அப்பவே சொல்லிட்டார். அது இருக்கற எடம் மூணாவது மூளையறையோட முன்சுவர்ல, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற தடுப்பு அங்க கெடையாது, அதனால ரத்தத்த நேரா மோந்து பாக்க முடியும். ரத்தத்துல உப்பு ஏறினா செல்லுக்குள்ள இருக்கற தண்ணி வெளிய போயி செல் வாடிப் போகும், அப்படி வாடறப்ப சவ்வுல இருக்கற சில வாசல் தெறந்து பாசிட்டிவ் அயனிங்க உள்ள வரும், செல் துடிக்கும். வாசோபிரஸின் நியூரானுக்கே இந்த குணம் இருக்கு, போதாததுக்கு மேல சொன்ன எடத்துலேர்ந்தும் அதுக்கு தகவல் வரும்.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம், அந்த வாசல் எதுன்னு தேடினப்ப 2006ல மான்ட்ரியல்ல சார்லஸ் புர்க் குழு காமிச்சது, நாக்குல மொளகா காரத்த உணர்ற அதே ஜீன். ஆனா முன்பக்கம் வெட்டின ஒரு வடிவம், மொளகாச் சத்து பட்டா இது அசையாது. பின்னாடி வந்த எலி ஆய்வு எல்லாம் இதுக்கு ஒத்துப் போகல, சண்டை இன்னும் முடியல.

கல்லாறு_மணி:
நானும் ஒன்னு கேக்கறேன். நான் மேட்டுப்பாளையம் டு ஊட்டி டூரிஸ்ட் வண்டி ஓட்டறவன். பர்லியார் தாண்டினதும் பின்சீட்ல ஒருத்தர் ரெண்டு பேர் வாந்தி, அது வாடிக்கை. ஆனா வாந்தி எடுத்த ஆளு அதுக்கப்புறம் பாத்ரூமுக்கு நிறுத்துங்கன்னு கேக்கவே மாட்டான். சரக்கு போட்டவன்தான் குன்னூருக்குள்ள மூணு எடத்துல நிறுத்தச் சொல்லுவான். அதே குளிர்தான ரெண்டு பேருக்கும்?

கூடலூர்க்காரி:
மணிண்ணே, செம கவனிப்பு. சரக்கு சுலபம், ஆல்கஹால் வாசோபிரஸின் விடறதையே அடக்கிடும். அதோட குளிரும் சேந்தா உங்க வண்டி எல்லா வளைவுலயும் நிக்கும்.

குமட்டல் அதுக்கு நேர் எதிர். மனுஷனுக்கு வாசோபிரஸின தூண்டறதுல குமட்டலுக்கு மேல எதுவும் இல்லன்னே சொல்லலாம், உப்பும் ஏறல, ரத்த அழுத்தமும் கொறையல, ஆனாலும் ஹார்மோன் பல மடங்கு ஏறும். வாந்தி வரணும்னு கூட இல்ல, ஒமட்டினாலே போதும். மூளைத்தண்டுல இருக்கற வாந்தி வட்டாரத்துலேர்ந்து நேரா போற வழி அது. வாந்தில தண்ணி போகப் போகுதுன்னு முன்கூட்டியே புடிச்சு வெக்கற ஏற்பாடுன்னு நெனைக்கத் தோணும், ஆனா அது என் யூகம்தான். எலிக்கு வாந்தியே வராது, அதுக்கு வயித்தக் கலக்கற மருந்து குடுத்தா வாசோபிரஸினுக்கு பதிலா ஆக்ஸிடாசின் ஏறும். எலில பாத்தத அப்படியே மனுஷனுக்கு சொல்லக் கூடாதுங்கறதுக்கு எங்க ஆளுங்க அடிக்கடி காட்டற உதாரணம் இது.

கல்லாறு_மணி:
அப்ப கல்லட்டில 36 கொண்டை ஊசி ஏறி வர்றவன் கிட்னி பூட்டு போட்டுக்கும்னு சொல்லுங்க.

கோத்தகிரி_ஹட்டி:
அக்கா, ஆக்ஸிடாசின்னா மாட்டுக்கு ஊசி போடறாங்களே அதுவா? எங்க ஹட்டில, அதாவது எங்க ஊர்ல, அம்மா ஒரு மாடு வச்சிருக்காங்க. அம்மா உக்காந்தா சொரப்பு விட்டு ரெண்டு பக்கமும் சர்ருன்னு வரும். அம்மாவுக்கு மூட்டு வலின்னு நான் உக்காந்தா, மடி கல்லு மாதிரி இருக்கும், காம்புல ரெண்டு டம்ளர் வந்துட்டு நின்னுடும். கன்னுக்குட்டிய விட்டாலும் என்னப் பாத்தா ஒதைக்குது. பக்கத்துல ஒரு அண்ணன் ஒரு ஊசி போட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறார். போடலாமா?

பால்சொசைட்டி_ரவி:
போடாதீங்க. நான் சொசைட்டில எத்தன பேர் இந்த ஊசில கெட்டத பாத்திருக்கேன். ஒருக்கா பழகினா ஊசி இல்லாம மாடு பால் விடாது, அப்புறம் வித்துட்டு அழுவாங்க. சட்டப்படியும் தப்பு, மாட்டோட ஒடம்பக் கெடுக்கற மாதிரி பால் கூட ஊசி போடறது 1960 மிருகவதைச் சட்டத்துலயே குத்தம்.

கூடலூர்க்காரி:
ரவி அண்ணன் சொல்றதுல ஆதாரம் இருக்கு. ரொம்ப நாள் தினமும் ஆக்ஸிடாசின் போட்ட மாடுகள்ல நிறுத்தினதும் தானா பால் எறங்கறது கொறஞ்சது. அதுல மூளை ஆக்ஸிடாசின் விடறது கொறையல, மடிதான் அதுக்கு மசியறத விட்டுடுச்சு.

உங்க மாட்டுக்கு நடக்கறத பிரிச்சு சொல்றேன் தங்கச்சி, ஏன்னா மூளை எப்படி இத அடக்கி ஆளுதுங்கறதுக்கு இத விட நல்ல எடம் கெடைக்காது. மாட்டு மடில பால் ரெண்டு எடத்துல இருக்கு. காம்புக்கு மேல இருக்கற தொட்டில சுமார் அஞ்சுல ஒரு பங்கு, மிச்சம் மேல குட்டிக் குட்டிப் பைங்கள்ல. எருமைக்கு அந்தத் தொட்டி இன்னும் மோசம், சுமார் இருபதுல ஒரு பங்குதான். உங்களுக்கு வர்ற ரெண்டு டம்ளர் தொட்டிப் பால். மேல இருக்கறது எறங்கணும்னா அந்தப் பைங்களச் சுத்தி இருக்கற தசை செல் பிழியணும், அதுக்கு ஆக்ஸிடாசின் ரத்தத்துல வரணும், அது மூளைலேர்ந்துதான் வரணும். காம்புல கை பட்டதும் தண்டுவடம் வழியா தகவல் ஹைப்போதலாமஸ் போயி, அங்கேர்ந்து பிட்யூட்டரி விட்டு, ரத்தத்துல மடிக்கு வந்து சேர ஒன்னு ரெண்டு நிமிஷம் ஆகும்.

எங்க தடைபடுதுங்கறதுதான் கேள்வி. 1941ல ஈலி, பீட்டர்சன்னு ரெண்டு பேர் கறவை மாட்டோட முதுகுல பூனைய உக்கார வச்சு, காதுகிட்ட காகிதப் பையை வெடிச்சு மெரட்டினாங்க, பால் நின்னுபோச்சு. அட்ரினலின் வந்து தடுக்குதுன்னு சொன்னாங்க, அது உண்மைதான், மடிக்குள்ள ரத்தக்குழாய் சுருங்கும். ஆனா பின்னாடி புது எடத்துல, புது ஆளு கறக்கற மாடுங்களோட ரத்தத்த எடுத்துப் பாத்தப்ப ஆக்ஸிடாசினே ஏறல. வெளிய ஊசி போட்டா பால் வந்துச்சு. அதாவது மடில கோளாறு இல்ல, மூளை விடல, அவ்ளோதான். காம்புலேர்ந்து தகவல் போய்ச் சேருது, ஆனா நியூரான் துடிக்கல. உங்க மாட்டுக்கும் அதான்னு நெனைக்கறேன். அதனாலதான் ஊசி போட்டா 'வேலை செய்யுது', ஆனா அது மூளை சொன்ன "வேண்டாம்" மேல ஏறி மிதிச்சுட்டுப் போறது.

வர்க்கிப்பிரியன்:
ஒன்னுக்குல ஆரம்பிச்சு மாட்டுக்கு வந்துட்டோம், அட்மின் தூங்கறார் போல.

குன்னூர்_சிஸ்டர்:
தூங்கட்டும், நல்லாத்தான போகுது. நான் பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் இருந்தவ. ஆக்ஸிடாசின வில்லன் ஆக்காதீங்க, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்க நிறுத்தறதுல எங்களுக்கு அதுதான் சாமி. ரெண்டு டிகிரிலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், கரண்ட் போற ஊர்ல அத காப்பாத்தறதே ஒரு வேலை. 2018ல மாட்டுக்கு போடறாங்கன்னு தனியார் தயாரிப்ப மத்திய அரசு நிறுத்தப் பாத்துச்சு, அந்த வருஷம் டிசம்பர்லயே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு, தாய்மாருக்கு தட்டுப்பாடு வந்துடும்னு.

இன்னொன்னு, மேல வாத்தியார் ரெண்டும் அண்ணன் தம்பின்னாரே, அது வார்டுல கண்ணால பாக்கலாம். ஆக்ஸிடாசின் டிரிப் நெறைய நேரம் ஓடி, கூடவே வெறும் டெக்ஸ்ட்ரோஸ் தண்ணியா ஏத்தினா சோடியம் கொறஞ்சு தலைவலி, கொழப்பம், ஃபிட்ஸ் வரைக்கும் போகும். டோஸ் ஏறினா ஆக்ஸிடாசினே தம்பி வாசோபிரஸினோட வேலையும் பாத்து மூத்திரத்த நிறுத்திடும். அதனால நாங்க சலைன்லதான் போட்டு, உள்ள போறது வெளிய வர்றது எழுதி வைப்போம்.

எனக்கு ஒரு கேள்வி மேடம். பத்து மாசம் இந்த நியூரான் சும்மா இருக்கு, பிரசவத்தப்ப கொட்டுது. நடுவுல ஏன் கொட்டல?

கூடலூர்க்காரி:
சிஸ்டர், மேடம்லாம் வேணாம். எலில பாத்தவரைக்கும், கர்ப்பத்தோட கடைசில மூளை தானே ஒரு பிரேக்க போட்டு வைக்குது, உள்ளயே சுரக்கற ஓபியாய்டு, அதாவது அபின் குடும்பத்துப் பொருள், ஆக்ஸிடாசின் நியூரான அமுக்கி வைக்கும். அதுக்குள்ள பிட்யூட்டரில சரக்கு சேந்துட்டே போகும். நேரம் வந்ததும் கர்ப்பப்பை வாய் விரியறது மூளைக்கு போகுது, மூளை ஆக்ஸிடாசின் விடுது, கர்ப்பப்பை இன்னும் சுருங்குது, இன்னும் விரியுது, இன்னும் தகவல் போகுது. கொழந்த வெளிய வந்தாத்தான் அந்தச் சுத்து நிக்கும்.

பால் விஷயத்துல இன்னும் அழகு. 1973ல வேக்கர்லி, லிங்கன்னு ரெண்டு பேர், மயக்கத்துல இருக்கற தாய் எலி மூளைல மின்முனை வச்சுட்டு, குட்டிங்கள பால் குடிக்க விட்டாங்க. குட்டிங்க நிறுத்தாம சப்பிட்டே இருக்கு, ஆனா பால் வர்றது அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருக்காதான். நடுவுல ஆக்ஸிடாசின் நியூரான் வினாடிக்கு ஒன்னு ரெண்டுன்னு சோம்பலா துடிக்கும். திடீர்னு ரெண்டு மூணு வினாடி, வினாடிக்கு அம்பது வரைக்கும் கூட துடிக்கும், அதுவும் மூளையோட ரெண்டு பக்கமும் இருக்கற ஆக்ஸிடாசின் நியூரான் கிட்டத்தட்ட எல்லாமும் ஒரே நேரத்துல. பத்து பதினஞ்சு வினாடில மடில அழுத்தம் ஏறும். வாசோபிரஸின் நியூரான் அப்படி இல்ல. அது அரை நிமிஷம் துடிக்கும், அரை நிமிஷம் ஓயும், ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாம தனித்தனியா. ஆக்ஸிடாசின் செல்லுங்க டீ ஃபேக்டரி சங்கு ஊதினதும் எல்லாரும் ஒட்டுக்கா கெளம்பற மாதிரி, வாசோபிரஸின் செல்லுங்க ஷிஃப்ட் போட்டு ஆள் மாத்திக்கற மாதிரி. காரணம் இருக்கு. மடிக்கு ஒரே தூக்கா வேணும், மெல்ல மெல்ல வந்தா பிழியாது. கிட்னிக்கு நாள் பூரா ஒரே சீரா வேணும்.

வாத்தியார்_ரிட்டயர்டு:
ஷிஃப்ட் சரி, ஆனா யார் அட்டவணை போடறது? ஓயணும்னு அந்த செல்லுக்கு யார் சொல்றது?

கூடலூர்க்காரி:
யாரும் சொல்றதில்ல, அதுவே சொல்லிக்குது. வாசோபிரஸின் அடைச்சு வச்சிருக்கற அதே குட்டிப் பைக்குள்ள டைனார்ஃபின்னு ஒரு ஓபியாய்டும் சேந்தே இருக்கு. செல் துடிக்கத் துடிக்க, பிட்யூட்டரி பக்கம் மட்டும் இல்லாம, தன்னோட கிளைங்கள்லேர்ந்தும், அதாவது டென்ட்ரைட்லேர்ந்தும் அந்தப் பைங்க தெறக்கும். வெளிய வந்த டைனார்ஃபின் அதே செல் மேலேயே பட்டு மெல்ல மெல்ல அமத்தும், ஒரு கட்டத்துல துடிப்பு நின்னுடும். டைனார்ஃபின் கரைஞ்சதும் மறுபடி. ஏன் ஓயணும்னா, நரம்பு முனை நிறுத்தாம துடிச்சா களைச்சுப் போகும், ஒவ்வொரு துடிப்புக்கும் வர்ற ஹார்மோன் கொறையும். விட்டு விட்டு துடிச்சா அதே எண்ணிக்கை துடிப்புக்கு ஜாஸ்தி ஹார்மோன் கெடைக்கும்.

ஆக்ஸிடாசின் செல் இதுக்கு நேர் எதிர். அதுவும் கிளைலேர்ந்து ஆக்ஸிடாசின விடும், ஆனா அது தன்னையும் பக்கத்துல இருக்கறதையும் இன்னும் உசுப்பும். அப்படித்தான் எல்லாம் ஒட்டுக்கா கெளம்புது. அதோட பால் குடுக்கற காலத்துல இந்த நியூரான்களுக்கு நடுவுல வேலி மாதிரி இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்லுங்க பின்வாங்கிக்கும், நியூரானும் நியூரானும் நேரா ஒட்டிக்கும், பால் மறக்கடிச்சதும் மறுபடி வேலி வந்துடும். வளந்த மூளைல, வாரக் கணக்குல, இப்படி உருவமே மாறி திரும்பி வரும்னு நான் முதல்ல படிச்சப்ப நம்பவே இல்ல. நாள் கணக்குல தண்ணி இல்லாம இருந்தாலும் இதே மாதிரி நடக்கும்.

லவ்குரு_ஊட்டி:
எல்லாம் சரி, மெயின் மேட்டருக்கு வாங்க. ஆக்ஸிடாசின்னா லவ் ஹார்மோன்தான? ஹனிமூன் ஜோடிங்க இங்க வர்றதே அதுக்குத்தான். மூக்குல அடிக்கற ஸ்ப்ரே ஆன்லைன்ல கெடைக்குது, சண்டை போடற ஜோடிக்கு குடுத்தா சேந்துடுவாங்களாம். யாராச்சும் ட்ரை பண்ணீங்களா?

கூடலூர்க்காரி:
காசு மிச்சம் இருந்தா வர்க்கி வாங்கி சாப்பிடுங்க. 2005ல ஸ்ப்ரே அடிச்சா அடுத்தவங்க மேல நம்பிக்கை கூடுதுன்னு ஒரு ஆய்வு வந்து உலகம் பூரா ஓடுச்சு, 2020ல இன்னும் நெறைய பேர வச்சு திரும்ப செஞ்சப்ப அது நிக்கல. ஜோடி பிரியாத ப்ரேரி வோல்னு ஒரு எலி மாதிரி பிராணி இருக்கு, ஆக்ஸிடாசின் காதல் கதை பாதி அதுலேர்ந்துதான் வந்துச்சு. 2023ல சான் ஃபிரான்சிஸ்கோல ஆக்ஸிடாசின் வந்து ஒட்டற ரிசப்டரே இல்லாம அத பொறக்க வச்சாங்க, அப்பவும் ஜோடி சேந்துச்சு, குட்டிக்குப் பாலும் குடுத்துச்சு. அதுக்காக ஆக்ஸிடாசினுக்கு பாசத்துல பங்கே இல்லன்னு சொல்ல வரல, அது இல்லாட்டி எல்லாம் போச்சுங்கற கதைதான் நிக்கல.

அத விட அடிப்படையான விஷயம், ரத்தத்துல இருக்கற ஆக்ஸிடாசின் மூளைக்குள்ள லேசுல நுழையாது, நடுவுல தடுப்பு இருக்கு. மூளைக்குள்ள வேலை செய்யறது மேல சொன்ன கிளைலேர்ந்து வர்றதும், வேற சின்ன நியூரான்களோட இழைலேர்ந்து வர்றதும். இதுல வேடிக்கை என்னன்னா, எடின்பரோல கேரத் லெங், மைக் லுட்விக் குழு காமிச்சாங்க, ஆல்ஃபா எம்எஸ்ஹெச்ங்கற ஒரு பொருள் பட்டா ஆக்ஸிடாசின் நியூரான் துடிக்கறது கொறையும், ஆனா கிளைலேர்ந்து ஆக்ஸிடாசின் வரும். அதாவது ரத்தத்துக்கு கம்மி, மூளைக்குள்ள ஜாஸ்தி. ஒரே செல், ரெண்டு கடை, ரெண்டுக்கும் தனித்தனி சாவி. அதனால யாராச்சும் ரத்தத்துல ஆக்ஸிடாசின அளந்து இவனுக்கு பாசம் ஜாஸ்தின்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க.

லவ்குரு_ஊட்டி:
ஒரு வியாபாரத்தையே கெடுத்துட்டீங்க.

ஊட்டிக்கு_புதுசு:
எங்கப்பாவும் கூட வந்திருக்கார், எழுபது தாண்டிடுச்சு. ராத்திரி நாலு அஞ்சு தடவ எழுந்திரிக்கறார், குளிர்ல பாக்கவே பாவமா இருக்கு. அதுவும் இதே வாசோபிரஸினா?

குன்னூர்_சிஸ்டர்:
அத இங்க கேட்டுட்டு விட்டுடாதீங்க, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட், சுகர், இதயம், தூக்கத்துல மூச்சு அடைக்கறது, பிபி மாத்திரைன்னு பத்து காரணம் இருக்கும். ஒரு நோட்டுல எத்தன மணிக்கு போனார், அளவு எவ்ளோன்னு ரெண்டு மூணு நாள் எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அதுதான் ஒதவும். தானா கடைல தண்ணிய நிறுத்தற மாத்திரை வாங்கிப் போட்டுடாதீங்க, வயசானவங்களுக்கு சோடியம் எறங்கி விழுந்துடுவாங்க.

கூடலூர்க்காரி:
சிஸ்டர் சொன்னத அப்படியே செய்யுங்க. பொதுவா, வயசுப் பிள்ளைங்களுக்கு ராத்திரி வாசோபிரஸின் கூடும், அதான் எட்டு மணி நேரம் தாங்குது, வயசாக ஆக அந்த வித்தியாசம் கொறையும். ஒடம்புக்கடிகாரம் இருக்கற எடத்துக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016ல சுண்டெலில பாத்தாங்க, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒடம்புல தண்ணி கொறையாமலே தாகம் எடுத்து குடிக்குது, கடிகாரத்துலேர்ந்து தாக நியூரானுக்கு போற வாசோபிரஸின்தான் காரணம். அடுத்து வரப்போற காஞ்ச நேரத்துக்கு முன்கூட்டியே.

இந்த நியூரான்களப் பத்தி எனக்கு ஓயாத ஆச்சரியம் இதுலதான். தாகமா இருக்கறவங்க தண்ணி குடிச்ச சில நிமிஷத்துலயே வாசோபிரஸின் எறங்கிடும், ரத்தத்துல உப்பு இன்னும் மாறவே இல்ல, தண்ணி வயித்துலதான் இருக்கு. சுண்டெலில 2017ல நேரா நியூரானயே பாத்தப்ப, தண்ணிக் கிண்ணத்த கண்டதுமே, வாய் வைக்கறதுக்கு முன்னாடியே அடங்க ஆரம்பிக்குது. சாப்பாட்டுக்கு மட்டும் அப்படி முன்கூட்டி இல்ல, சாப்பிட ஆரம்பிச்சப்புறம் மெல்ல ஏறும். பாடப்புத்தகத்துல உப்பு ஏறினா ஹார்மோன் ஏறும், எறங்கினா எறங்கும்னு ஒரு கோடு போட்டு முடிச்சுடறாங்க. நெசத்துல அது காத்திருக்கறதே இல்ல. உங்க மாடு பக்கெட் சத்தம் கேட்டதும் சொரப்பு விடறதும், ஹட்டித் தங்கச்சிய பாத்ததும் நிறுத்திக்கறதும் இதே சங்கதிதான்.

கோத்தகிரி_ஹட்டி:
அப்ப அந்த முன்கூட்டிய நான் எப்படி அக்கா என் பக்கம் திருப்பறது? ஊசி வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பால்சொசைட்டி_ரவி:
நான் சொல்றேன். அம்மா கறக்கறப்ப ஒரு வாரம் நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, தீவனத்த நீங்க வைங்க, கறக்கற நேரத்துலயே வைங்க, அப்புறம் இல்ல. நேரம் மாத்தாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில மடி கழுவி, தொடச்சு, ஒரு நிமிஷம் நல்லா தேச்சு விட்டுட்டு உடனே கறங்க, கழுவிட்டு போன் பேசப் போயிட்டா வந்த சொரப்பு போயிடும். கறந்தா ஆறு ஏழு நிமிஷத்துக்குள்ள முடிங்க. நாயக் கட்டிப் போடுங்க. கன்ன விட்டாலும் உங்கள ஒதைக்குதுன்னா மொதல்ல அம்மா கையால கன்ன விட்டு, சொரந்ததும் நீங்க மாறி உக்காருங்க.

கூடலூர்க்காரி:
ஒரு நிமிஷக் கணக்கு ரொம்ப சரி, ஆக்ஸிடாசின் ரத்தத்துல சில நிமிஷத்துக்கு மேல நிக்காது. கறக்கற நேரத்துல தீவனம் தின்னுட்டிருந்தா ஆக்ஸிடாசின் கூடுதலா வர்றதும் அளந்து பாத்த விஷயம்.

குன்னூர்_சிஸ்டர்:
தாய்மாருக்கும் நாங்க கிட்டத்தட்ட இதேதான் சொல்லுவோம். 1948ல நியூட்டன் தம்பதி, அந்தம்மாவே பால் குடுக்கறப்ப கால ஐஸ் தண்ணில வச்சு, கணக்கு கேட்டு தொந்தரவு பண்ணி பாத்தாங்களாம், கொழந்தைக்கு கெடைச்ச பால் கொறஞ்சுது, ஆக்ஸிடாசின் ஊசி போட்டதும் திரும்ப வந்துச்சு. மாமியார் பக்கத்துல நின்னு "பால் வருதா வருதா"ன்னு கேட்டுட்டே இருந்தா அந்தக் கணக்குப் பரீட்சைய விட மோசம், நான் வெளிய அனுப்பிடுவேன்.

கோத்தகிரி_ஹட்டி:
ரவிண்ணா, நாளைலேர்ந்து ஆரம்பிக்கறேன். அம்மா சொல்றாங்க அவங்க பழைய சேலையக் கட்டிட்டு உக்காந்தா மாட்டுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு.

பால்சொசைட்டி_ரவி:
எங்க ஊர்லயும் அப்படித்தான் செய்வாங்க, தொவைக்காம கட்டுங்க.

வர்க்கிப்பிரியன்:
தொவைக்காத சேலை, நாய கட்டணும், மாமியார வெளிய அனுப்பணும். எழுதி வச்சுக்கிட்டேன்.